நாலாவது ஜன்னலின் கம்பி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நான் நலம். நீயும் அம்மாவும் குட்டியும் நலமா? தையல் கம்பெனியில் உனக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி கொடுத்தார்களா, இல்லை இன்னும் அதே முக்காலிதானா? அத்தானுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா?

மிஷனரி என்றால் வாரம் முழுக்க என்னதான் செய்வான் என்று சபையில் கேட்கிறார்கள், ஒரு வாரத்தை அப்படியே எழுது, வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன்.

திங்கட்கிழமை துணி துவைப்பேன், மொழி படிப்பேன். என் அறை ஒரு டயர் கடைக்கு மேலே. துவைத்த சட்டையிலும் ரப்பர் நாற்றம்தான். செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆஸ்பத்திரி. கட்டில் கட்டிலாகப் போய்க் கைப்பிரதி கொடுப்பேன். வாங்குகிறவர்கள் அதை விசிறியாக்கிக்கொள்கிறார்கள். வார்டில் மின்விசிறி ஓடினால் ஒருவேளை படிப்பார்கள். புதன்கிழமை எங்கள் பெரிய ஐயாவுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். அவர்தான் இங்கே மிஷனுக்குப் பொறுப்பு. ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கை தூக்கினவர்கள் எத்தனை பேர்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. போன வாரம் ஜெபத்துக்கு நடுவில் ஒருவர் அக்குள் சொறிந்தார். அவரையும் சேர்த்துக்கொண்டேன். வியாழக்கிழமை பஸ் நிலையம். வெள்ளிக்கிழமை உபவாசம். மாதக் கடைசியில் அது மிகவும் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே பீப்பாய் கழுவும் கம்பெனி ஒன்று இருக்கிறது. ரசாயனம் வந்த பழைய பீப்பாய்களையும் தொட்டிகளையும் கழுவிச் சாயம் பூசி மறுபடி விற்கிறார்கள். கழுவுகிறவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள். தகரக் கூரை போட்ட நீளமான கூடத்தில் இரண்டு அடுக்குக் கட்டில்களில் படுக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஆள் ஓடிவிடுவானாம். மானேஜர் என்னைத் தாராளமாக உள்ளே விடுகிறார். “நீங்க வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சத்தமே இல்ல பாஸ்டர்” என்கிறார். நான் என்ன மருந்தா?

அங்கே வெல்டர் என்று ஒருவன். என் வயதுதான். ராகமே இல்லாமல் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுவான். கூடத்து ஜன்னல்களுக்குக் கம்பி வைத்ததும் அவன்தான், மானேஜர் சொல்லி. “என் கூண்டுக்கு நானே கம்பி வெச்சேன் பாஸ்டரே, அதுக்குக் கூலிகூடத் தனியாத் தரல” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சபைக்கு ஆகாதென்றால் இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடு.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்குப் பல் வலி, அதனால் பேச்சு குறைந்து வீடு அமைதியாக இருக்கிறது. முக்காலி அதே முக்காலிதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாரத்தை வாசித்தேன். அக்குள் சொறிந்தவரையும் தாழ்ப்பாளையும் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி இடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நம் மூப்பர் எழுந்து நின்று, “நம்ம சபை அனுப்பின பையன்” என்றார். உனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அல்லவா, அவருக்கும் பெருமை இருக்காதா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற அந்த ஆபீஸைக் கட்டிக்கொண்டு அலைகிற மனுஷன், ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் மூப்பரம்மா சொன்னார்கள்: “பொத்தாம் பொதுவா ‘மிஷனரியை ஆசீர்வதியும்’னு எத்தனை நாளைக்கும்மா ஜெபிக்கிறது? யாருக்கு என்ன கஷ்டம்னு தம்பியை விவரமா எழுதச் சொல்லுங்க. விவரமாக் கேட்டாத்தானே விவரமாக் கிடைக்கும்?” எனக்கும் சரியென்று பட்டது. அடுத்த கடிதத்தில் ஜெபக் குறிப்புகளை விவரமாக எழுது.

உன் அத்தான் வீட்டில்தான் இருக்கிறார். லேத் பட்டறையை மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிற கதவு, கொக்கி, குழாய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டார். இனிமேல் என்னைத்தான் கழற்ற வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் பல்லைப் பிடுங்கச் சொல், தள்ளிப்போட வேண்டாம்.

பீப்பாய்க் கம்பெனியில் ஒருவர் செத்துப்போனார். சின்ன மீசை என்று கூப்பிடுவார்கள். பெரிய தொட்டிக்குள் இறங்கிக் கழுவும்போது புகை முட்டி விழுந்திருக்கிறார். மேலே இருந்தவர்களை இறங்கக்கூடாது என்று மேஸ்திரி தடுத்திருக்கிறான். வெல்டர் மட்டும் ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வந்தான். அதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஜெபிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ‘இருதயம் நின்றதால் மரணம்’ என்று பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாருக்குத்தான் கடைசியில் அது நிற்காது? மானேஜர் தலைகுனிந்து ஆமென் சொன்னார். நான் ஜெபித்தேன் அக்கா. புகை என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

இப்போது ஜெபக் குறிப்பு. விவரமாகக் கேட்டார்களே.

நடந்ததை லேபர் ஆபீஸில் சொல்லப்போகிறேன் என்கிறான் வெல்டர். நம் மொழி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மட்டும் அங்கே வருவார். அன்று வேலை நாள், இவர்களை வெளியே விடமாட்டார்கள். அதனால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். வழி இருக்கிறது என்று சொல்லி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். நாலாவது ஜன்னல், அவன் கட்டிலை ஒட்டி. மற்றக் கம்பிகளையெல்லாம் ஒழுங்காக வெல்டு வைத்தவன், அதில் நடுக்கம்பிக்கு மட்டும் நுனியில் ஒரு பொட்டு வைத்துச் சாயம் பூசிவிட்டிருக்கிறான். இழுத்தால் வந்துவிடும். “என் வேலையிலேயே மோசமான வேலை இதுதான் பாஸ்டரே. யாருகிட்டயும் காட்டிடாதீங்க, பேரு கெட்டுடும்” என்றான்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை போகிறான். அவனுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவன் பத்திரமாகப் போய்ச் சேர ஜெபியுங்கள். பெயர் வேண்டாம். வெல்டர் என்று சொன்னால் போதும், ஆண்டவருக்குத் தெரியும்.

உன் தம்பி

*

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. அதைக் குட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டுகிறாள்.

புதன்கிழமை உன் கடிதத்தை வாசித்ததும் கூட்டமே முழங்காலில் நின்றுவிட்டது. இதுவரை அப்படி ஒரு ஜெபத்தை நான் பார்த்ததில்லை. மூப்பரம்மாவுக்குத்தான் பாரம் அதிகம். “எந்த ஜன்னல்னு சொன்னீங்க? எந்தத் திங்கட்கிழமை?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு ஜெபித்தார்கள்.

இன்னொரு சந்தோஷம். மறுநாளே மூப்பர் நம் வீட்டுக்கு வந்தார்! இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஓரம் உடைந்த கப்பில் டீ குடித்தார். நான் கூசிப்போனேன். உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி மெதுவாகப் படித்துவிட்டு, “நல்லா எழுதுறான். இதை நான் வெச்சுக்கறேம்மா, தனியா ஜெபிக்கணும்” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உன் அத்தானைப் பார்த்து, “லேத் தெரியும்ல? சும்மா ஏன் இருக்கீங்க, ஆபீஸ் பக்கம் வாங்க” என்றார். உன் அத்தான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

உன் ஊழியத்தால் நம் வீட்டுக்கும் ஆசீர்வாதம் வருகிறது.

உன் அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

மார்ச் கடைசி செவ்வாய்க்கிழமை ஆட்கள் வேலையில் இருந்த நேரத்தில் மானேஜரும் மேஸ்திரியும் கூடத்துக்குள் வந்திருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஜன்னல் எதையும் தொடவில்லை. நேராக நாலாவது ஜன்னல். நேராக நடுக்கம்பி. மேஸ்திரி ஒரு இழுப்பு இழுத்தான், கையோடு வந்துவிட்டது.

வெல்டரை வேலை இடத்திலிருந்தே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அவன் செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாட்டுக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு வயதானவர் கேட்டார்: “தம்பி, அவன் உங்ககிட்ட மட்டும்தான் காட்டினான். நீங்க யாருகிட்ட சொன்னீங்க?”

ஆண்டவருக்குத் தெரியும் என்று எழுதினேன். அவருக்கு முன்னால் வேறு யாருக்கோ தெரிந்துவிட்டது. உன் போன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூப்பரின் ஆபீஸ் எந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறது? கேட்டு எழுது. என் கடிதத்தை அவர் திருப்பிக் கொடுத்தாரா?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. தாமதமாகிவிட்டது, கம்பெனியில் ஓவர்டைம். இங்கே வெயில் சொல்லி முடியாது. அம்மாவுக்கு இன்னொரு பல்லும் ஆடுகிறது. குட்டி டப்பாவோடு காத்திருக்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. உன் அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. மூப்பரின் ஆபீஸ்தான் ஏற்பாடு செய்கிறது. லேத் வேலை. ஒரு பைசாகூட வாங்கவில்லை. “மிஷனரி குடும்பத்துகிட்டயா வாங்குவேன்” என்றார். உன் அத்தான் தன் மைக்ரோமீட்டரைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

வெல்டர் விஷயம் வருத்தமாக இருக்கிறது. அங்கேயே யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அக்கா

*

மே 10

அக்கா,

நான் கேட்டது இரண்டு கேள்வி. நீ எழுதியது அம்மாவின் இரண்டாவது பல்.

அத்தான் எந்த ஊருக்குப் போகிறார்? காகிதத்தில் கம்பெனியின் பெயர் என்ன? அதை எழுதி அனுப்பும்வரை அவரை எதிலும் கையெழுத்துப் போட விடாதே. இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் லேத் வேலை, டிரைவர் வேலை என்று சொல்லித்தான் அழைத்து வரப்பட்டவர்கள். வந்து இறங்கிய அன்றே கையில் பிரஷ்ஷைக் கொடுத்துப் பீப்பாய்க்குள் விட்டார்கள்.

வெல்டர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டானாம். கூடத்தில் ஒருவருக்குத் தகவல் வந்தது. உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான். இனி எங்கேயும் அவனை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். தொட்டிக்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்லத் துணிந்தவன் அவன் ஒருவன். சின்ன மீசைக்கு இருதயம் நின்றதுதான் நின்றது.

உடனே பதில் எழுது.

தம்பி

*

ஜூன் 4

அக்கா,

நீ நலமா? நிஜமாகத்தான் கேட்கிறேன். பதிலே இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். கிடைத்திருக்கும்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. வாசித்தது நீ, எழுதிக் கொடுத்தது நான். பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்த புத்திசாலி நான்தான். கூடத்தில் இருக்கிற ஒரே வெல்டருக்குப் பெயர் எதற்கு? ஜெபம் என்று சொல்லிவிட்டால் எதையும் எழுதலாம், எதையும் வாசிக்கலாம், எதையும் கேட்கலாம் என்று சின்ன வயசிலிருந்தே பழகிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரின் குடிப்பழக்கத்தை நாம் அப்படித்தானே தெருவுக்கே சொன்னோம்.

அத்தானை மட்டும் அனுப்பாதே. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். ‘அனுப்பவில்லை’ என்று ஒரு வார்த்தை போதும்.

தம்பி

*

ஜூன் 22

தம்பி,

உன் அத்தான் வியாழக்கிழமை கிளம்பிப் போனார்.

உன் ஏப்ரல் கடிதம் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே மூப்பர் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கேட்டேன். “எங்கேயோ வெச்சிட்டேம்மா” என்றார். என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் உன் அத்தானின் காகிதங்கள். அவர் அதில் கையெழுத்துப் போட, குட்டி பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டறை மூடிய நாளிலிருந்து அந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உனக்கு உண்மையை எழுதினால் அவரிடமும் சொல்ல வேண்டும். சொன்னால் போகமாட்டார். நான் சொல்லவில்லை.

நீ கோபப்படலாம். கோபப்பட உனக்கு வசதி இருக்கிறது. உன் டிக்கெட்டும் அதே கையிலிருந்து வந்ததுதான் தம்பி. நீ வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறாய். இங்கே செவ்வாய், புதன்கூட இருந்திருக்கிறோம், அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்காமல்.

அவர் போகிற இடம் பீப்பாய்க் கம்பெனி இல்லை என்று மூப்பர் வேதாகமத்தைத் தொட்டுச் சொன்னார். நம்பினேன். நம்பினேன் என்றுதான் எழுத முடியும். உன் அத்தான் அங்கே வந்தால் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 8

அக்கா,

நீ அன்று ஒரு வாரத்தைக் கேட்டாய். இந்த வாரத்தையும் எழுதுகிறேன். சபையில் வாசி. இந்தத் தடவை எதையும் விடாதே.

திங்கட்கிழமை நானே லேபர் ஆபீஸுக்குப் போனேன். நம் மொழிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்றார். இல்லை என்றேன். “பாத்தவரைக் கூட்டிட்டு வாங்க” என்று பேனாவை மூடினார். செவ்வாய்க்கிழமை பெரிய ஐயா கூப்பிட்டு அனுப்பினார். “உன் வேலை ஆத்துமா. ஜன்னல் இல்ல. இன்னொரு தரம் அந்த ஆபீஸ் பக்கம் போனா ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன்” என்றார். அந்த டிக்கெட்டை யார் எடுப்பார் என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார். புதன்கிழமை ரிப்போர்ட்டில் கை தூக்கினவர்கள் பூஜ்யம் என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான். அதன்பிறகு சனிக்கிழமைவரை அறையை விட்டு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனேன். என் கூட்டத்துக்கு இப்போது பழைய ஆட்கள் வருவதில்லை. புதிதாக வந்தவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அத்தான்.

“என்ன மாப்ள, இப்படி இளைச்சுட்ட? ஆண்டவர் சோறு போடறதில்லையா?” என்றார். கையை நீட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. “லேத்து இன்னும் வந்து சேரலியாம், அதுவரைக்கும் பீப்பாய் கழுவணுமாம். உங்க அக்காகிட்ட லேத்துல நிக்கறேன்னே சொல்லிவை” என்றார். சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்கிறேன்.

தன் கட்டிலைக் காட்டக் கூட்டிப்போனார். நாலாவது ஜன்னல். காற்று வருகிற இடமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். நடுக்கம்பியைத் தட்டிப் பார்த்து, “யாரு வெச்சதோ, அசிங்கமா அள்ளி அப்பியிருக்கான். ஆனா யானை இழுத்தாலும் வராது” என்றார். கட்டிலுக்கு அடியில் வெல்டரின் செருப்பு இருந்தது. அவருக்கு அளவு சரியாக இருப்பதால் அதைத்தான் குளிக்கப்போகும்போது போட்டுக்கொள்கிறாராம்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு என்னை வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டார்கள். அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்கிறவன் நான்.

அக்கா, இதை வாசி. தொட்டியை, தாழ்ப்பாளை, கம்பியை, உன் புருஷனின் விரலை. மூப்பரம்மா முன்வரிசையில் இருப்பார்கள். விவரமாகக் கேட்டார்கள் அல்லவா, நிறுத்தாமல் வாசி.

தம்பி

*

ஜூலை 25

அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் குட்டியும் நலம். எனக்கு முதுகு அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். வாசிக்க வேண்டும் என்றுதான் போனேன். ராத்திரி இரண்டு தரம் வாய்விட்டு வாசித்துப் பழகியிருந்தேன். முன்வரிசையில் மூப்பரம்மா தலையில் முக்காடிட்டுக் கண்ணை மூடிக் கேட்கத் தயாராக இருந்தார்கள். மூப்பர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, காகிதத்தை.

போன தடவை நான் வாசித்தபோது அந்த ஜன்னலோரம் படுத்திருந்தவன் யாரோ ஒருவன். இப்போது அங்கே படுத்திருப்பவர் என் புருஷன். நான் வாசித்தால், வருகிற செவ்வாய்க்கிழமை நேராக அந்தக் கட்டிலுக்குத்தான் வருவார்கள்.

“என் தம்பி நலமாக இருக்கிறான். என் வீட்டுக்காரரைப் பார்த்தானாம். அவரும் நலமாக இருக்கிறார். லேத்தில் நிற்கிறார்” என்று நீ எழுதாததை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். மூப்பர், “ஸ்தோத்திரம்” என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. குட்டி கை தட்டினாள்.

வெளியே வரும்போது மூப்பர் கையை நீட்டினார். “கடுதாசியைக் குடும்மா, வெச்சு ஜெபிக்கிறேன்.” குட்டி தண்ணியில் போட்டுவிட்டாள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன். எரிந்து முடிகிறவரை அங்கேயே நின்றேன்.

நீ என்னைத் திட்டி எழுதுவாய். எழுதாதே. உன் கடிதம் இங்கே வந்து சேரும்வரை எத்தனை கை மாறுகிறது என்று நமக்குத் தெரியாது. உன் அத்தானிடம் நீ என்ன சொல்ல வேண்டுமோ, அவர் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டுமோ, அதை நேரில் பேசு. வாயால் பேசு. எனக்குத் தெரியவே வேண்டாம். தெரிந்தால் நான் யாரிடமாவது ஜெபிக்கச் சொல்லிவிடுவேன்.

நீயும் அவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றாலும் அப்படியே எழுது.

உன் அக்கா